கடல் பக்கம், குளத்துப் பக்கம்

நாடகத் தயாரிப்பு நிர்வாகி என்பவர் என்ன வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. இத்தனைக்கும் அதைப் பற்றி ஒரு கையேடு எழுதியவள் நான். கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எழுதும்போதே எனக்குத் தலை சுற்றியது, எழுதிய பிறகு இன்னும் அதிகமாகச் சுற்றியது.

எழுபதுகளின் நடுவில் மயிலாப்பூரில் எங்களுக்கென்று ஒரு நாடகக் குழு இருந்தது. எல்லோரும் ஆபீஸ் போகிறவர்கள். சாயங்காலம் பஸ் பிடித்து டைரக்டர் வீட்டு மொட்டை மாடிக்கு வந்து ஒத்திகை பார்ப்போம். தெப்பக்குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு சபாவில் அவ்வப்போது மேடையேறுவோம். டைரக்டர் அரசாங்க ஆபீஸில் சூப்பரிண்டெண்ட். நாடகம் எழுதுவது, சொல்லிக் கொடுப்பது, அப்பா வேஷம் கட்டுவது மூன்றும் அவரே. என் அண்ணன் அங்கே நடிக்கப் போனான். வேடிக்கை பார்க்க நான் கூடப் போனேன். அவன் வேலை கிடைத்து பம்பாய்க்குப் போய்விட்டான், நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

நடிப்பு எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தேன். அதனால் வசனத்தைப் பிரதி எடுப்பது என் தலையில் விழுந்தது. பிரதி எடுத்தவளே பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கட்டும் என்றார்கள். நிற்கிறவள் சோபா வந்ததா, குடை வந்ததா, மாலை வந்ததா என்றும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். இப்படியே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டது. தயாரிப்பு நிர்வாகி என்று ஒருவர் தனியாக இருந்தார். பாங்க் ஆபீசர், நல்ல மனிதர். சபா வாசலில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்று வருகிறவர்களை வாங்கோ வாங்கோ என்பார்.

அவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. டைரக்டர் வீட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியது. அந்த இடம் எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன். அன்றைக்கு ஆபீஸுக்கே நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"பொம்மனாட்டி எப்படி இதெல்லாம் பண்ணுவா? சீன் செட்காரனோட மல்லுக்கு நிக்கணும், சபா செக்ரட்டரி ஆத்துக்கு நடையா நடக்கணும்" என்றார் பொருளாளர்.

சீன் செட்காரரோடு அதுவரை மல்லுக்கு நின்றது நான்தான். அதை நான் சொல்வதற்குள் டைரக்டர் கையைக் காட்டி என்னை அமர்த்தினார். "சட்டுனு ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ முதல்ல ஒரு கையேடு எழுதிண்டு வா. நம்ம குழுவுல ஒரு நாடகத்தை எப்படிப் போடறது, எது எங்கே, யார் எப்போன்னு. நம்மளைப் பாத்தே இல்லாத ஒருத்தன் படிச்சாலும் நடத்தணும். அதை வெச்சு முடிவு பண்ணலாம்" என்றார்.

பாங்க் ஆபீசரிடம் யாரும் எந்தக் கையேடும் கேட்டதில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்றால், எழுதிக் காட்டிவிட்டால் தந்துவிடுவார்கள் என்று நம்பினேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

வேலை என்னவென்று எழுத வேண்டுமானால் முதலில் அது என்னவென்று தெரிய வேண்டும் இல்லையா? ஒவ்வொருவராகக் கேட்டேன். மாற்றலாகிப் போகிறவர், "எல்லாம் தானா நடக்கும்மா. நீ பதட்டப்படாம நின்னாப் போறும்" என்றார். பொருளாளர், நாடகம் நடக்கும், ஆனால் செலவு நடக்காது, அப்படிப் பார்த்துக்கொள்கிறவர்தான் நிர்வாகி என்றார். அம்மா வேஷம் போடும் நடிகை, டாக்சியை நேரத்துக்கு வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறவர் என்றார். டைரக்டரைக் கேட்டேன். "என் மனசுல இருக்கறதை மேடையில கொண்டு வரணும். வேற ஒண்ணும் இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் மனசில் என்ன இருக்கிறது என்று அவருக்கே ஒத்திகைக்கு ஒத்திகை மாறும். நான் எல்லாவற்றையும் எழுதி வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒரே ஆளால் செய்யக்கூடிய வேலையாகத் தெரியவில்லை, ஒரு ஆள் தேவைப்படுகிற வேலையாகவும் தெரியவில்லை. கடைசியில் பேசாமல் நான் செய்வதை அப்படியே எழுதிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இடது வலது தகராறு. இடது பக்கம் திரும்பு என்றால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் திரும்புவேன். நல்ல வேளையாக எங்கள் குழுவில் யாரும் இடது வலது என்றே பேசுவதில்லை. ஆரம்பத்தில் பேசிப் பார்த்தார்களாம். டைரக்டர் எதிரில் உட்கார்ந்து தன் இடதைச் சொல்வார், நடிக்கிறவர்கள் தங்கள் இடதுக்குப் போவார்கள், சண்டை வரும். அப்புறம் யாரோ கடலையும் குளத்தையும் கொண்டுவந்தார்கள். மொட்டை மாடியில் நின்றால் ஒரு பக்கம் தென்னை மரங்களுக்கு நடுவே கடல் தெரியும். மறுபக்கம் போனால் தெப்பக்குளம். சபா மேடையும் அதே வாட்டத்தில் இருந்தது. அதனால் "நீ கடல் பக்கம் போ", "நாற்காலியைக் குளத்துப் பக்கம் நகத்து" என்பதுதான் எங்கள் பாஷை. யாருக்கும் ஒரு நாளும் குழம்பியதில்லை. மயிலாப்பூர்க்காரரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கடல் இருக்கும் திசைக்குக் கை நீட்டுவார்.

கையேட்டிலும் அப்படியே எழுதினேன். வாசல் கதவு கடல் பக்கம். சமையலறை குளத்துப் பக்கம். அப்பா ஆபீஸிலிருந்து கடல் பக்கமாக வருவார். அம்மா காபியோடு குளத்துப் பக்கம் நிற்க வேண்டும். ஸ்டென்சில் தாளில் இரும்பு எழுத்தாணியால் தமிழ் எழுதுவது லேசில்லை. கொஞ்சம் அழுத்தினால் கிழியும், அழுத்தாவிட்டால் பதியாது. ஆபீஸில் மேனேஜர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து நகலெடுக்கும் மெஷினில் உருட்டி எடுத்து, தைத்து, ஆளுக்கொன்று கொடுத்தேன். விரல் நகத்திலெல்லாம் மை. டைரக்டர் முழுவதும் படித்துவிட்டு, "பேஷ்" என்றார். பொருளாளர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். எல்லோரும் படித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேஷம் போடுகிறவர் மட்டும் படிக்கவில்லை. அவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்தார். நாள் முழுவதும் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் அலுத்துவிட்டது என்று அதை விசிறியாக வைத்துக்கொண்டார். இனி அவரைப் பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்கிறேன்.

அந்தச் சமயம் பார்த்து தி. நகரில் ஒரு சபாவிலிருந்து அழைப்பு வந்தது. மயிலாப்பூரை விட்டு நாங்கள் வெளியே போவது அதுதான் முதல் தடவை. டைரக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கையேட்டுல உள்ளபடி நீயே நடத்து. நன்னாப் போச்சுன்னா பொறுப்பு உன்னோடது. நான் கமிட்டியிலே சொல்றேன்" என்றார். எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

மத்தியானமே போய்விட்டேன். சீன் செட்காரர் ஆட்களோடு வந்து திரைச்சீலைகளை இறக்கிக்கொண்டிருந்தார். கதவை எங்கே நிறுத்துவது என்று கேட்டார். நான் கையேட்டைப் பிரித்தேன். கடல் பக்கம் என்று என் கையெழுத்து சொன்னது. மேடையில் நின்று இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன். இரண்டு பக்கமும் சுண்ணாம்புச் சுவர். பல சந்து திரும்பி வந்ததில் எனக்குத் திக்குத் திசை தெரியவில்லை.

"கடல் எந்தப் பக்கம் இருக்குங்க?" என்றேன்.

"இன்னாம்மா, தி. நகருக்கு வந்து கடலைத் தேடிக்கினு கீற? அப்பிடிக்கா போனா வரும், ரொம்ப தூரம்" என்று கையை நீட்டினார்.

அவர் நீட்டிய பக்கமே கதவை நிறுத்தச் சொன்னேன். கதவு நின்றது, சமையலறைத் திரை எதிர்ப்பக்கம் தொங்கியது. கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் என்னமோ கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. ஏன் என்று விளங்கவில்லை. விளக்கு வேறு வாட்டத்தில் இருக்கிறது, அதனால்தான் என்று சமாதானம் செய்துகொண்டேன். அந்த மேடை எங்கள் மேடைக்கு நேர் எதிர்த்திசையைப் பார்த்துக் கட்டப்பட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. வந்தவர்களிலும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

திரை விலகியது. அம்மா நடிகை கையேட்டில் சொன்னபடி நிஜக் கடலுக்கு எதிர்ப்பக்கம், அதாவது சமையலறைப் பக்கம், காபியோடு நின்றிருந்தார். டைரக்டர் கையேட்டைப் படித்தவர்தான். ஆனால் அவர் உடம்புக்கு மேடையில் கடல் என்றால் வழக்கமாக நிற்கும் கைப்பக்கம்தான். அவரும் போய் அதே சமையலறைப் பக்கம் இருட்டில் நின்றுவிட்டார். ஆபீஸிலிருந்து களைத்து வரும் அப்பா, குடையும் பையுமாகச் சமையலறையிலிருந்து வெளியே வந்தார். பின்னாலேயே காபியோடு அம்மா வந்தாள். சபையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

அதற்கப்புறம் எனக்கு எது யார் பக்கம் என்றே புரியவில்லை. பாதிப் பேர் நிஜக் கடலை நம்பினார்கள், பாதிப் பேர் பழக்கத்தை நம்பினார்கள். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறும் மகள், "இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்று அலறிவிட்டு விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். சபை ஓவென்று சிரித்தது. அடிபட்டு வரவேண்டிய மகன் தப்பான பக்கம் மாட்டிக்கொண்டான். எங்கள் சபாவில் பின்திரைக்குப் பின்னால் நடந்து மறுபக்கம் போகலாம். இங்கே திரையை ஒட்டிச் சுவர். வேறு வழியில்லாமல் தலையில் கட்டும் சிவப்பு மையுமாக அவன் தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு ஓடினான். புடவைக்கடைக் கூட்டம் அவனைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லி விடமாட்டேன் என்றதாம். அவன் வரும்வரை அம்மா நடிகை மேடையில் அழுதுகொண்டே இருந்தார். பாவம், அழுவதற்கு விஷயமும் தீர்ந்துபோய், கடைசியில் சொந்தக் கவலைகளைச் சொல்லி அழ ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் ஒழுங்காக வந்தார். அவருக்குக் கடலும் தெரியாது, குளமும் தெரியாது. எட்டிப் பார்த்தார், கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது, கதவு வழியாக வந்தார்.

மறுநாள் சாயங்காலம் டைரக்டர் வீட்டில் கமிட்டி. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அழ வைக்க எழுதிய நாடகம். கையேட்டில் தப்பு என்றார் பொருளாளர். எது தப்பு என்று கேட்டேன். கடல் பக்கம் என்றால் நிஜக் கடல் என்று ஒருவர் சொன்னார். கடல் பக்கம் என்றால் மேடையில் வழக்கமான பக்கம், கடலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் மகள் வேஷக்காரியின் அப்பா. "கடல் பக்கம்னா என் கடல் பக்கம்!" என்று டைரக்டர் மார்பில் தட்டிக்கொண்டார். அரை மணி நேரம் இப்படியே போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"இத்தனை பேர் படிச்சீங்களே, யாராவது ஒருத்தர் கேட்டீங்களா? கடலை நகர்த்தினது நானா?" என்று கத்திவிட்டேன்.

 கூடத்தில் ஒரு பெண் கத்தினது அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்கள். அன்றைக்குத் தடுமாறாமல் நின்றவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான், ஆகவே நிர்வாகம் அவருக்கு. கையேட்டைப் படிக்காத ஒரே ஆளுக்குக் கையேடு எழுதிய ஆளின் வேலை. நான் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஆழ்வார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எனக்காகக் காத்திருந்தார். கையில் விசிறி, அதாவது கையேடு. "எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. இப்பத்தான் படிச்சேன். இதுல கடல்னு போட்டிருக்கியே, எந்தக் கடல்?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கமிட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? சொல்லிட்டேனே. அதுக்கு அவா, 'அதான் அவ இருக்காளே, எல்லாம் பாத்துப்பா. நீ சும்மா நின்னாப் போறும்'னுட்டா."

அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஒளிக்கத் தெரியாத மனிதர். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் கோபித்துக்கொண்டு போனது, அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று. அவர்களோ நான் போனதாகவே எண்ணவில்லை. "நான் வரமாட்டேன்னு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்து நின்ற பஸ்ஸில் ஏறினேன். அது அடையாறு போகிற பஸ். பாதி வழியில்தான் தெரிந்தது.

அடுத்த தடவை எங்கள் சபாவில் அதே நாடகம் போட்டார்கள். போகக் கூடாது என்று நினைத்தேன். பிறகு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நடுவரிசையில் உட்கார்ந்தேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. நன்றாக நடக்க வேண்டும் என்றா, நாசமாகப் போக வேண்டும் என்றா? இரண்டும் மாறி மாறி வந்தன. இத்தனை வருஷத்தில் அந்த நாடகத்தை நான் முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. யார் முதுகும் தெரியாமல் முகங்களாகவே தெரிந்தது புதிதாக இருந்தது.

கதவும் சமையலறையும் தத்தம் இடத்தில் இருந்தன, எல்லோரும் சரியாக வந்தார்கள், போனார்கள். நான் இல்லாமலும் நடக்கிறதே என்று இருந்தது. அப்புறம் டெலிபோன் காட்சி வந்தது. மகளைப் பற்றிச் செய்தி வரும். மேடையில் இருக்கும் டெலிபோன் வெறும் பொம்மை. பக்கவாட்டில் ஒரு பலகையில் மணியும் பொத்தானும் இருக்கும், யாராவது அழுத்த வேண்டும். இதுவரை அழுத்தியது நான். அப்பா டெலிபோனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மணி அடிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடிக்கவில்லை. பக்கவாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து எதையோ தேடுவது எனக்கு மட்டும் தெரிந்தது. டைரக்டரின் கண் மேடையில் இருந்தபடியே சபை முழுவதும் அலைந்தது. என் மேல் வந்து நின்றது.

என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியாது. "ட்ரிங் ட்ரிங்... ட்ரிங் ட்ரிங்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சபை திரும்பிப் பார்த்தது, சிரித்தது, கை தட்டியது. அவர் பாய்ந்து ரிசீவரை எடுத்து "ஹலோ" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

இடைவேளையில் டைரக்டரே, அரிதாரம் பூசிய முகத்தோடு, பக்கவாட்டுக் கதவுக்கு வந்து கூப்பிட்டார். நான் எழுந்து போனேன். என் கால் எனக்கு முன்னால் போயிற்று.

"கோபமெல்லாம் போறும். உள்ளே வாம்மா" என்றார்.

"என்னவா வரணும் சார்?"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "என்னவான்னா?"

"நிர்வாகியாவா?"

"அதுக்குத்தான் ஆள் போட்டாச்சே. நீ வழக்கம் போல வா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை என்னமோ செய்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை சண்டை போட்டுவிட்டு உள்ளே போயிருப்பேன்.

இடைவேளை முடிந்து மணி அடித்தது. நான் திரும்பி நடந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியிலும் ஒரு டெலிபோன் வரும். மகள் உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லும் டெலிபோன். அப்பா அதன் பக்கத்தில் போய் நின்றார். மணி அடிக்கவில்லை. அவர் கண் நேராக என்னிடம் வந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.